பூட்ஸும் வேண்டாம், மணல் பையும் வேண்டாம்

கேள்வி: வயது 23, எடை 60 கிலோ. காவலர் உடல்திறன் தேர்வுக்காக ஒரு மாதமாகப் பயிற்சி எடுக்கிறேன். கமாண்டோ வீடியோக்களைப் பார்த்து, கனமான பூட்ஸ் போட்டு, முதுகில் 10 கிலோ மணலைச் சுமந்துகொண்டு தினமும் காலையில் வெறும் வயிற்றில் தார் ரோட்டில் ஓடுகிறேன். இரண்டு வாரமாக முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி. புரோட்டீன் பவுடர் சாப்பிடலாமா? எந்த பூட்ஸ் நல்லது?

பதில்: பவுடரை அப்புறம் பார்ப்போம். முதலில் வலிக்கிற எலும்பை விரல் நுனியால் மேலிருந்து கீழாக அழுத்திப் பாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால், பெரும்பாலும் எலும்பை ஒட்டிய சவ்வும் தசையும் நொந்திருக்கின்றன. இரண்டு மூன்று வாரம் ஓட்டத்தை நிறுத்தி சைக்கிள், நீச்சல் என்று மாறினாலே அடங்கிவிடும். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று வலிக்கிறதா? இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா? அப்படியென்றால் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். உடனே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் இது பெரும்பாலும் தெரியாது. 'எக்ஸ்ரே நார்மல்' என்று சொன்னதை நம்பி மறுபடி ஓடி, விரிசலை முறிவாக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. எம்ஆர்ஐயில் தெரிந்துவிடும். விரிசல்தான் என்றால் ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டம் கிடையாது.

தசை சீக்கிரம் பலப்படும், எலும்புக்கு அதைவிட நாள் பிடிக்கும். நீங்களோ பாரம், பூட்ஸ், தார் ரோடு மூன்றையும் ஒரே மாதத்தில் அதன்மேல் ஏற்றிவிட்டீர்கள். உங்கள் தேர்வு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடுவது. அதற்கு மணல் மூட்டை எதற்கு? சாதாரண ரன்னிங் ஷூ போதும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது போய், பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிற மாதிரி வாங்குங்கள். வலி போன பிறகு மண் தரையில், ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடுங்கள். பூட்ஸோடு பழக, தேர்வான பிறகு நாள் இருக்கிறது.

வெறும் வயிற்றில் ஓடுவதை விடுங்கள். அரை மணி நேரம் முன்பு இரண்டு வாழைப்பழமோ ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழோ போதும். கூழில் கால்சியமும் கிடைக்கும். உங்கள் எடைக்கு நாளொன்றுக்கு 75 முதல் 95 கிராம் புரதம் வேண்டும். மூன்று முட்டை, அரை லிட்டர் பால், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை சுண்டல், ஒரு கைப்பிடி நிலக்கடலை: இதிலேயே 50 கிராமுக்கு மேல் வந்துவிடும். மீதி சோறு, பருப்பு, மீனில் கிடைக்கும். இத்தனையும் சாப்பிட முடிந்தால் பவுடர் தேவையில்லை. அதற்கு வைத்திருக்கும் பணத்தில் ஷூ வாங்குங்கள்.

ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. உப்புப் போட்ட மோர் குடியுங்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, ஓடும்போது பேச்சு குழறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.