கடவுள் பெயராலா, உளமாரவா?

அன்புள்ள ஐயா,
கல் தடுக்கினால் ‘கடவுளே’ என்கிறோம். சாமியே கும்பிடாதவர் வாயிலும் ‘புண்ணியமாப் போகும்’ வருகிறது. இந்தச் சொற்களிலிருந்து மதம் எப்போதோ கழன்றுவிட்டது. அப்படியிருக்க, பதவியேற்பில் ‘கடவுள் பெயரால்’ என்பதை விட்டு ‘உளமார’ என்று சிலர் சொல்வது வெறும் வீம்புதானே?
ச., கும்பகோணம்

அன்புள்ள ச.,

கல் தடுக்கும்போது வருகிற ‘கடவுளே’ எனக்கும் வரும். அதில் சண்டையில்லை. ஆனால் பதவியேற்பைப் பற்றி நீங்கள் சொல்வதையே சொல்லிப் படாதபாடு பட்ட ஒருவர் இருந்தார்.

சார்லஸ் பிராட்லா, இங்கிலாந்தின் பேர்பெற்ற நாத்திகர். 1880இல் நார்தாம்ப்டனில் ஜெயித்துப் பாராளுமன்றம் போனவர், கடவுளை இழுக்காமல் உறுதிமொழி மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். முடியாது என்றார்கள். சரி, சத்தியமே செய்கிறேன், அதில் சில சொற்களுக்கு என்னளவில் பொருளில்லை, ஆனாலும் கட்டுப்படுவேன் என்று பத்திரிகைக்கு எழுதினார். பிடித்தது வினை. பொருளில்லை என்கிறவனை எப்படிச் சத்தியம் செய்யவிடுவது என்று சபை அதையும் மறுத்தது. இதுவும் கூடாது, அதுவும் கூடாது! பாராளுமன்ற மணிக்கூண்டில் ஓர் இரவு அடைத்தும் வைத்தார்கள். தொகுதி மக்களும் விடவில்லை, திரும்பத் திரும்ப அவரையே அனுப்பினார்கள். 1886இல்தான் அவரால் சபையில் உட்கார முடிந்தது. 1888இல் அவரே முன்னின்று கொண்டுவந்த சட்டம், சத்தியத்துக்குப் பதில் உறுதிமொழி போதும் என்றது. (1891இல் அவருடைய இறுதி ஊர்வலத்துக்கு, லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தியும் போயிருந்தார்.)

கவனியுங்கள், அந்தச் சொற்களில் ஒன்றுமில்லை என்றவர் நாத்திகர். இருக்கிறது என்று மறித்தவர்கள் பக்தர்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். சத்தியம் செய்கிற பக்தருக்குக் கடவுள் அங்கே சாட்சி. நம்பாதவர் ஒப்புக்கு அதைச் சொன்னால் குறைச்சல் பக்தருக்குத்தான்.

நம் அரசியல் நிர்ணய சபையிலும் இது நடந்தது. 1949 அக்டோபரில், முகவுரையைக் கடவுள் பெயரால் தொடங்க வேண்டும் என்று எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். 41க்கு 68 என்று தோற்றது. மதம் கழன்றுபோன சொல்லுக்கு யாராவது வாக்கெடுப்புக் கேட்பார்களா? பதவியேற்பு வாசகங்கள் உள்ள, நம் அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இரண்டு வழியையும் தருகிறது. ‘உளமார’ என்கிறவர் அதில் ஒன்றை எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

நாளைக்கு நீங்கள் கோர்ட்டில் சாட்சி சொல்லப் போனாலும் 1969ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டம் இதே இரண்டையும் முன்னால் வைக்கும். நீங்கள் எதை எடுப்பீர்கள், ஏன் என்று எழுதுங்கள்.