ஸ்ரீனிவாஸும் கோத்தகிரி டீக்கடையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

குன்னூர் பக்கம் ஒரு கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறேன். சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீனிவாஸின் பிறந்தநாளான நவம்பர் 16 அன்று துறையில் ஒரு கூட்டம் வைக்க இருக்கிறோம். “மைசூர்க்காரர், குடகைப் பற்றி எழுதினார். நம்ம மலைக்கு என்ன செஞ்சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். படுகர் வீட்டுப் பெண். ‘சமஸ்கிருதமயமாதல்’ என்று தேர்வில் ஒரு பக்கம் எழுதுவதோடு அவரை முடித்துவிடுகிறோம். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகி, குன்னூர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நம் மலைக்கென்று அவர் ஒன்றும் செய்யவில்லை. இங்கே வந்தவர் ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ். தோடர்களைப் பற்றிய அவருடைய புத்தகம் 1906இல் வந்தது. ஸ்ரீனிவாஸ் 1948இல் போய்த் தங்கியது மைசூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில். ராம்புரா என்பது அவர் அதற்கு வைத்த மாற்றுப் பெயர்.

ஆனால் கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள டீக்கடையில் அவருடைய சொல் புழங்குகிறது. போன தேர்தல் சமயம், இலைச் சாக்குகளை வண்டியில் ஏற்றிவிட்டு வந்த ஒரு பெரியவர், “எங்க ஹட்டி என்ன அவங்க ஓட்டு பேங்க்கா?” என்று டம்ளரை டொக்கென்று வைத்தார். (ஹட்டி என்றால் படுகர் ஊர்.) 1955இல் ஒரு கட்டுரையில் அந்தச் சொல்லைப் புழக்கத்துக்கு விட்டவர் ஸ்ரீனிவாஸ்தான். ஊர்ப் பெரியதனக்காரர் கைகாட்டும் பக்கம் ஓட்டு மொத்தமாகப் போவதைச் சொல்ல வந்த சொல். டிவி விவாதங்களில் அது வெறும் வசவாகிவிட்டது. பெரியவர்தான் அதைச் சரியான பொருளில் சொன்னார்.

பரோடாவிலும், 1959இல் டெல்லியிலும் சமூகவியல் துறைகளை அவர் கட்டியதை அழைப்பிதழில் போட்டுக்கொள்ளுங்கள். அவருடைய மாணவர் ஆந்த்ரே பெத்தேய் தஞ்சாவூர்க் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்ததை மட்டும் மேடையில் சொல்லுங்கள். தமிழ்நாட்டுக்கு ஸ்ரீனிவாஸ் வந்து சேர்ந்த வழி அது.

சமஸ்கிருதமயமாதலுக்கு வருகிறேன். குடகு பற்றிய புத்தகம் 1952இல் வந்தது. கீழே வைக்கப்பட்ட சாதிகள் மேல்சாதியின் சாப்பாட்டையும் சடங்கையும் எடுத்துக்கொண்டு மேலே போகப் பார்ப்பதை அவர் கவனித்தார். மக்கள்தொகைக் கணக்கு எடுக்கும்போதெல்லாம் ‘எங்களை க்ஷத்திரியர் என்று எழுதுங்கள்’ என்று மனுக்கள் போன காலம் ஒன்று இருந்தது. நம் மலையில் மனு எதிர்த்திசையில் போகிறது. பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் படுகர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்கிறார்கள். அது நியாயமா இல்லையா என்பதற்குள் நான் போகவில்லை. ஏறினால்தான் லாபம் என்ற கணக்கு எப்போது, ஏன் மாறியது என்று உங்கள் மாணவி கேட்கட்டும். அவள் வீட்டிலேயே பதில் சொல்ல ஆள் இருக்கும்.

மேலிருந்து பார்த்தவர் என்ற குறை அவர்மேல் உண்டு. சரியான குறைதான். அவர் பிராமணர். நிலம் வைத்திருந்தவர்களோடுதான் அதிகம் பழகினார். அதை அவரே எழுதியும் வைத்தார்.

எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் வேறு. 1970 ஏப்ரல் 24 அன்று, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் அவர் இருந்த ஆய்வு மையத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். 18 ஆண்டுகளாக அவர் தொகுத்து வைத்திருந்த குறிப்புகள் கருகின. மூன்று பிரதிகள் இருந்தன. மூன்றும் ஒரே அறையில்! (படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.) அப்புறம் நினைவிலிருந்தே எழுத உட்கார்ந்தார். ராம்புரா புத்தகம் 1976இல் வந்தது.

எனக்கு ஒரு நோட்டுதான் போனது. நம் மலைப் பழங்குடியான கோத்தர்களின் ஊர்களில் பேசி எழுதியது. ஒரு மழைக்காலத்தில் டிரங்குப் பெட்டிக்குள் பூஞ்சை பூத்துத் தாள்கள் ஒட்டிக்கொண்டன. பால்பென்னில் எழுதிய பக்கங்கள் பிழைத்தன. மைப்பேனாப் பக்கங்கள் எல்லாம் நீலத் தீற்றல். அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டேன். நினைவில் இருந்ததையாவது எழுதியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கூட்டத்தில் சால்வைக்கு ஒதுக்கிய பணத்தில் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். அவரவர் ஹட்டியில், தேயிலைத் தோட்ட லைன் வீட்டில், தெருவில் ஒரு மாதம் பார்த்ததை எழுதட்டும். பேனா மட்டும் பால்பென்னாக இருக்கட்டும். நம் ஊர் ஈரத்துக்கு மைப்பேனா தாங்காது.