டெப்பிக்கு வசனம் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜான் ஃபோர்டின் ‘தி சர்ச்சர்ஸ்’ (1956) பார்த்தேன். ஆளாளுக்குத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். முதல் அரைமணி நேரம் நகரவே இல்லை, ஓட்டிவிட்டேன். செவ்விந்தியர்களைக் கொடூரர்களாகக் காட்டும் இனவெறிப் படம். கதாநாயகன் ஈதனாக நடித்த ஜான் வெய்னின் வலதுசாரி அரசியலும் தெரிந்ததுதான். இதையெல்லாம் இன்னும் ஏன் பார்க்க வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

படம் உங்களை உறுத்தியதால்தானே எழுதியிருக்கிறீர்கள்? அந்த உறுத்தலை விட்டுவிடாதீர்கள். ஆனால் அரைமணி நேரத்தை ஓட்டிவிட்டுத் தீர்ப்பு எழுதுவது என்ன பழக்கம்? நீங்கள் ஓட்டிய இடத்தில்தான் மார்த்தா உள்ளறையில் நின்று, கணவனின் சகோதரன் ஈதனுடைய கோட்டைத் தடவிக்கொடுக்கிறாள். பாதிரியார் கிளேட்டன் காபியோடு நின்று, ஒன்றும் தெரியாதவர்போல நேரே பார்க்கிறார். ஒரு வார்த்தை பேச்சில்லை. பிறகு ஈதனைப் பிடித்தாட்டும் வெறி எங்கிருந்து வருகிறது என்று அதைப் பார்க்காமல் எப்படிப் புரியும்?

வெய்னின் அரசியலை விடுங்கள். படத்தில் வரும் செவ்விந்தியர்கள் கமாஞ்சி இனத்தவர். அவர்களின் தலைவனாக நடித்த ஹென்றி பிராண்டன் ஜெர்மனியில் பிறந்த வெள்ளைக்காரர், கமாஞ்சிகளாக வந்த துணை நடிகர்கள் உண்மையில் நவஹோ என்ற வேறொரு செவ்விந்திய இனத்தவர். இதையும் உங்கள் குற்றப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். என் சண்டை வேறு.

1836-ல் டெக்சாஸில் சிந்தியா ஆன் பார்க்கர் என்ற சிறுமியைக் கமாஞ்சிகள் தூக்கிச் சென்றார்கள். வயது ஒன்பது இருக்கலாம். அவள் அங்கேயே வளர்ந்தாள், பீட்டா நோகோனா என்பவரை மணந்தாள், மூன்று பிள்ளைகள். 24 வருடம் கழித்து, 1860-ல், ஒரு தாக்குதலில் வெள்ளையர் அவளை ‘மீட்டார்கள்’. மறுவருடம் டெக்சாஸ் சட்டமன்றம் அவளுக்கு நிலமும் ஆண்டுக்கு 100 டாலர் உதவித்தொகையும் கொடுத்தது. அவளோ திரும்பத் திரும்பத் தப்பி ஓடப் பார்த்தாள். அந்தக் காலத்துப் புகைப்படம் ஒன்று உண்டு. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். தலைமுடி ஒட்ட வெட்டியிருக்கிறது. கமாஞ்சிப் பெண்கள் துக்கத்தில் அப்படித்தான் வெட்டிக்கொள்வார்கள். மகன்களை அவள் மறுபடி பார்க்கவே இல்லை. அவர்களில் ஒருவர்தான் பின்னாளில் கமாஞ்சித் தலைவரான குவானா.

இப்போது படத்துக்கு வாருங்கள். அங்கேயும் மார்த்தாவின் மகள் டெப்பியைச் சிறுமியாகக் கமாஞ்சிகள் தூக்கிச் செல்கிறார்கள்; ஈதனும், அந்த வீட்டில் வளர்ந்த மார்ட்டினும் வருடக்கணக்கில் அவளைத் தேடுகிறார்கள். கமாஞ்சியோடு வாழ்ந்துவிட்டாள் என்பதற்காகச் சொந்தச் சகோதரனின் மகளையே கொல்லத் துடிக்கிறான் ஈதன். அது வெறி என்று ஃபோர்டுக்குத் தெரியும், நமக்கும் காட்டுகிறார். கடைசியில் அவளைத் தூக்கி அணைக்கும்போது எனக்கும் கண் கலங்கும். அதெல்லாம் சரி. ஆனால் இவர்கள்தான் என் மக்கள், நீ போய்விடு என்று மார்ட்டினிடம் சொன்ன அதே டெப்பி, பிறகு கூடாரத்தில் அவனைக் கண்டதும் உடனே கிளம்பச் சம்மதிக்கிறாளே, ஏன்? நடுவில் அவளுக்குள் என்ன நடந்தது? ஃபோர்டு ஒரு காட்சிகூடத் தரவில்லை. ஈதனின் மனமாற்றத்துக்கு முழுப் படத்தையும் கொடுத்தவர், அவளுக்கு ஒரு நிமிடம் கொடுக்கவில்லை. கடைசியில் அண்டைக் குடும்பமான ஜார்கன்சன் வீட்டுக்குள் அவளைக் கூட்டிப்போகும்போது அவளுக்கு வசனமே கிடையாது. அவள் அங்கே நிம்மதியாக இருந்திருக்கலாம் என்ற எண்ணத்தை அந்தப் படத்தால் தாங்க முடியவில்லை. ஃபோர்டோடு எனக்குள்ள வழக்கு இதுதான். ‘இனவெறிப் படம்’ என்று முத்திரை குத்தி மூடிவைத்தால் இந்த இடத்துக்கு நீங்கள் வந்தே சேரமாட்டீர்கள்.