ஜெபம் பண்ணினால் கல்யாணம் ஆகிவிடுமா?

கேள்வி: சுயாதீன சபை பாஸ்டர் ஒருவர் மண்டபத்தில் ஜெபித்து, மோதிரம் மாற்றி எங்களை இணைத்து வைத்தார். எந்தப் பதிவேட்டிலும் கையெழுத்து வாங்கவில்லை. மூன்று வருடம் ஆகிறது. "தேவன் முன்பாக உடன்படிக்கை பண்ணியாச்சு, காகிதம் எதற்கு?" என்கிறார் கணவர்.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் கணவரின் வாதம் பழையது. மணமக்கள் ஒருவருக்கொருவர் சம்மதம் சொன்னாலே திருமணம் என்று மேற்குத் திருச்சபையே பல நூற்றாண்டுகள் ஏற்றிருந்தது. பிறகு ஒருவர் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று மறுத்தால் நிரூபிக்க வழியில்லை. இந்தத் தொல்லையால்தான் 1563-ல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் பங்குக்குருவும் சாட்சிகளும் கட்டாயம் என்று விதித்தது. ஆக, சாட்சி கேட்பது சர்க்கார் மட்டுமல்ல.

1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் முதலில் பார்ப்பது, நடத்தி வைத்தவர் யார் என்பதைத்தான். பேராயரிடம் அபிஷேகம் பெற்ற கத்தோலிக்க, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குருக்களுக்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை. உங்கள் பாஸ்டர் போன்றவர்களுக்கு அரசு லைசென்ஸ் வேண்டும். அது இல்லாமல் நடத்தினால் 4-ஆம் பிரிவின்படி திருமணம் செல்லாது. 68-ஆம் பிரிவின்படி அவருக்குப் பத்தாண்டு வரை சிறை. காலை 6 முதல் மாலை 7 மணிக்குள், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் என்ற விதிகளும் உண்டு. ஆனால் அறிவிப்பிலோ நேரத்திலோ பதிவிலோ நேர்ந்த குறையால் மட்டும் திருமணம் செல்லாமல் போகாது என்கிறது 77-ஆம் பிரிவு. நேரம் தப்பினால் கல்யாணம் நிற்கும், நடத்திய ஆள் தப்பினால் நிற்காது.

எனவே பாஸ்டரிடம் லைசென்ஸ் நகலைக் கேளுங்கள். மழுப்பினால் விடை தெரிந்துவிட்டது. தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் தரும் 90 நாளும், கூடுதல் கட்டணத்தோடு வரும் 60 நாளும் உங்களுக்கு எப்போதோ முடிந்துவிட்டன. மிச்சமுள்ள நல்ல வழி, வேறு முறையில் சடங்கு நடத்தியவர்களும் பதிவு செய்துகொள்ள இடம் தரும் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. சடங்கு நடந்து, அன்றுமுதல் கணவன் மனைவியாக வாழ்ந்திருக்க வேண்டும். இருவருக்கும் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் மாவட்டத்தில் 30 நாளாவது குடியிருந்திருக்க வேண்டும். ஆட்சேபம் கேட்டு 30 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். மூன்று சாட்சிகளோடு போங்கள். பதிவானதும், சடங்குக்குப் பிறகு பிறந்த குழந்தைகளும் சட்டப்படியான குழந்தைகளாகிவிடுவார்கள்.

கேள்வி: மறைமாவட்டத் தீர்ப்பாயம் (கத்தோலிக்கத் திருச்சபையின் நீதிமன்றம்) என் முதல் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. இனி மறுமணம் செய்யலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: இப்போதைக்குக் கூடாது. கல்யாணத்தை நடத்தும்போது குருவின் கையெழுத்தைச் சட்டம் மதிக்கிறது. முறிக்கும்போது மதிப்பதில்லை. திருச்சபைத் தீர்ப்பாயத்தின் முடிவு சிவில் சட்டத்தைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் மோலி ஜோசப் வழக்கில் சொன்னது. அத்தகைய முடிவுக்குச் சட்ட அங்கீகாரம் கோரிய மனுவை 2017-ல் தள்ளுபடியும் செய்தது. அந்தத் தாளை மட்டும் நம்பி மறுமணம் செய்தால் இரண்டாம் திருமணம் செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதா 82-ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறையும் உண்டு. 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி நீதிமன்றத்தில் செல்லாமை ஆணையோ விவாகரத்தோ வாங்குங்கள்.

இதன் மறுபக்கமும் பலருக்குத் தெரிவதில்லை. கோர்ட் விவாகரத்து மட்டும் கையில் இருந்தால் கத்தோலிக்கக் கோயிலில் மறுமணத்துக்கு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க மாட்டார்கள். உங்களிடம் திருச்சபைப் பாதி இருக்கிறது. சட்டப் பாதிதான் பாக்கி.

கேள்வி: நான் கத்தோலிக்கப் பெண், கணவர் இந்து. சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்தோம். பங்குத்தந்தை நற்கருணை தர மறுக்கிறார்.
– வாசகி, திருச்சி

பதில்: சட்டப்படி நீங்கள் மனைவிதான், அதில் ஐயமில்லை. ஆனால் திருச்சபைக்கு அது போதாது. கத்தோலிக்கருக்குக் குரு, இரு சாட்சிகள் என்ற முறைமை கட்டாயம் (திருச்சபைச் சட்டம் 1108). திருமுழுக்குப் பெறாதவரை மணக்க ஆயரின் விதிவிலக்கும் தேவை (1086). புதிதாக எடுத்த திருமுழுக்குச் சான்றோடு பங்குத்தந்தையைப் பாருங்கள். கணவர் மதம் மாற வேண்டியதில்லை. விசுவாசத்தைக் காப்பேன், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்க இயன்றதைச் செய்வேன் என்று நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டும். அது கணவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிறகு எளிய சடங்கில் முடித்துவிடுவார்கள்.