பழைய றிவோல்வர்ப் பிடிகள்: கேள்வியும் பதிலும்

திருகோணமலையில் பழைய றிவோல்வர்களுக்கு (சுழல் துப்பாக்கிகளுக்கு) மரப்பிடியும் வார்ப்புப் பிடியும் செய்துவரும் ஒருவர், பலர் அனுப்பிய கேள்விகளுக்கு எழுதிய பதில்கள். கேட்டவரின் ஊர் கேள்விக்கு முன்னே உள்ளது.

உப்புவெளி: பழைய இரும்புக் கடையில் ஒரு கறுப்புப் பிடித்தகடு (பிடியின் பக்கத்தை மூடும் தகடு) அகப்பட்டது. பெருவிரல் வைக்கப் பள்ளமும் பித்தளை வட்டமும் உள்ளன. எதனுடையது?

பதில்: 1932 இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட என்பீல்ட் 2 ஆம் இலக்க றிவோல்வரின் பிந்திய வகைக்குரியது. பிரித்தானியக் கடற்படை 1957 வரை நமது துறைமுகத்தில் இருந்ததால், இத்தகைய உதிரிகள் இங்கே கிடைப்பதில் வியப்பில்லை.

நிலாவெளி: கிணறு வெட்டும்போது முழுத் துப்பாக்கியே கிடைத்தது. பிடி செய்து தருவீர்களா?

பதில்: தொடாதீர்கள், துடைக்காதீர்கள், பொலிசாருக்கு அறிவியுங்கள். 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அனுமதிப்பத்திரம் காட்டாதவருக்கு நான் ஓர் ஆணியும் செய்து கொடுப்பதில்லை.

டொரன்டோ: அனுமதியுடன் வைத்திருக்கும் ஸ்மித் அன்ட் வெசன் றிவோல்வருக்கு, விசைக்காப்பின் (விசையைச் சுற்றியுள்ள வளையத்தின்) பின் இடைவெளியை நிரப்பும் டைலர் இடைத்துண்டு தேவை. இரவல் வாங்கிய ஒன்றைப் பார்த்து வார்க்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் பெரும்பாலானோர் இங்கேதான் தவறுகிறார்கள். அசலையே மணலில் பதித்து அலுமினியம் வார்த்தால், உலோகம் ஆறும்போது நீளத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 1.3 பங்கு சுருங்குவதால், 50 மில்லிமீற்றர்த் துண்டு அரை மில்லிமீற்றருக்கும் மேலாகக் குறைந்து, துப்பாக்கியின் உலோகச் சட்டகத்துக்கும் அதற்குமிடையே நகம் நுழையும் இடைவெளி விட்டுவிடும். ஆகவே மெழுகில் சற்றுப் பெரிதாக ஒரு மாதிரி செய்து, வார்த்தபின் அரத்தால் தேய்த்துப் பொருத்துங்கள். பிடித்தகடுகளுக்கு அடியில் செருகப்படும், இடைத்துண்டின் செம்புக் கால்கள் தடித்தால் தகடுகள் எழும்பி நிற்கும்; திருகாணியை இறுக்கி அதைச் சரிசெய்ய முயன்றால் மரம் வெடிக்கும். உள்பக்கத்தில் செய்த ஆண்டையும் ‘நகல்’ என்ற சொல்லையும் பொறிக்க மறவாதீர்கள்.

சாம்பல்தீவு: வெப்லி றிவோல்வரின் வல்கனைற் பிடியைச் சுடுநீரில் கழுவினேன். பச்சை கலந்த பழுப்பாகிவிட்டது.

பதில்: அது கந்தகம் சேர்த்து இறுக்கிய இறப்பர். வெயிலும் சுடுநீரும் அதற்கு ஆகா. கந்தகம் அமிலமாகி அருகிலுள்ள உருக்கைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால் பிடியைத் தனியே வையுங்கள்.

மூதூர்: நகல் என்று பொறித்தால் பெறுமதி குறையாதா? தேயிலைச் சாயத்தில் ஊறவைத்துப் பழமையாக்கினால் யாருக்குத் தெரியும்?

பதில்: எனக்குத் தெரியும். சாயம், வழுக்காதிருக்கப் பிடியில் வெட்டிய கோடுகளின் அடியில் தேங்கி, கை படாத இடத்தையும் ஒரே அளவில் கறுக்கச் செய்யும். பல்லாண்டு கைபட்ட பிடியில் மேடுகள் மழுங்கி மினுங்க, பள்ளங்களில்தான் அழுக்குத் தங்கும்.

கிண்ணியா: மூதூர் அன்பர் சொல்வதில் நியாயம் உண்டு. வாங்குபவர் பார்த்துத்தானே வாங்குகிறார்?

பதில்: பிடியைக் கழற்றிப் பார்த்து வாங்குபவர் எத்தனை பேர்? அவர் இறந்தபின் பிள்ளைகள் அதை அசலென நம்பி விற்பார்கள். அடுத்தவர் அதையே அளவாகக் கொண்டு இன்னொன்று செய்வார். நகலின் நகலாகத் திரியும் பிடிகளால் அசலின் அளவே குழம்பிப்போய்விட்டது.

டொரன்டோ: விலை என்ன?

பதில்: நான் விற்பனையாளன் அல்லன்.

மூதூர்: சரி, பொறிக்கிறேன். கருங்காலியில் செய்யலாமா?

பதில்: பழைய அலுமாரிக் கால் இருந்தால் செய்யலாம், புதிதாக மரம் வெட்டத் தேட வேண்டாம். உடையும் மரம் என்பதால், வடிவத்தைச் செதுக்குமுன் திருகாணித் துளையை இட்டுவிடுங்கள். முதலில் உள்பக்கக் குறியின் படத்தை அனுப்புங்கள்.