கல் சுவரும் வைஃபையும்: குமரிக்காரர்களின் கேள்விகள்

தக்கலை: பழைய வெட்டுகல் வீடு. ஹாலில் ரவுட்டர், அடுக்களையில் சிக்னலே இல்லை. ஆன்டெனா அதிகமுள்ள ரவுட்டர் வாங்கட்டுமா?

வேண்டாம் அண்ணே. ரவுட்டருக்கு எவ்வளவு பலம் இருந்தாலும் பதில் அனுப்புவது உங்கள் போன்தான். அதன் பலம் குறைவு. தடித்த சுவரில் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சீக்கிரம் அடங்கிவிடும். 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், வேகம் கிடைக்காது. அந்தக் காசுக்கு அடுக்களைப் பக்கம் ஒரு சீலிங் ஆக்சஸ் பாயின்ட் (கேபிள் வழியே வரும் நெட்டை அங்கேயே வைஃபையாகப் பரப்பும் பெட்டி) மாட்டி, ரவுட்டரிலிருந்து கேட்-6 நெட்வொர்க் கேபிள் இழுங்கள். பலகை மச்சு இருந்தால் கேபிளை அதன் வழியே கொண்டுபோகலாம். வாங்கும் முன்னால் இருக்கிற ரவுட்டரையே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அந்த இடத்துக்குக் கொண்டுபோய், கதவுகளை அடைத்துவிட்டு, போனில் சிக்னல் அளக்கும் வைஃபை அனலைசர் ஆப்பைப் பாருங்கள். சிக்னல் பலம் -67 டிபிஎம் அல்லது அதைவிட நல்ல அளவு (பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது: -60, -55) காட்டினால் வீடியோ கால் தாராளமாக ஓடும்.

கன்னியாகுமரி லாட்ஜ்: வராந்தாவில் ஃபுல் சிக்னல், ரூமுக்குள் போனால் நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ரூமில் நுழைந்ததும் பாத்ரூம்தானே சார்? டைல்ஸ், தண்ணீர்க் குழாய், கண்ணாடி எல்லாவற்றையும் தாண்டித்தான் சிக்னல் கட்டிலுக்கு வரவேண்டும். ஆக்சஸ் பாயின்ட்களை வராந்தாவில் வரிசையாக மாட்டினால் அவற்றின் சிக்னல் ஒன்றோடொன்று மோதவும் செய்யும். ஒரு ரூம் விட்டு ஒரு ரூமுக்குள்ளே மாட்டுங்கள். மேல்மாடியில் அதே ரூமுக்கு நேர் மேலே வேண்டாம், ஒன்று தள்ளி. பவரைக் குறையுங்கள். 2.4-ல் ஒன்றோடொன்று உரசாத 1, 6, 11 சேனல் மட்டும். ஐயப்ப சீசனில் ஒரு ரூமில் எத்தனை போன் வரும் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் நிறைய போன்களை ஒரே நேரத்தில் சமாளிக்கும் வைஃபை 6 மாடலே எடுங்கள்.

குளச்சல்: மொட்டை மாடியில் சாதாரண ஆக்சஸ் பாயின்ட்டை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைக்கலாமா?

உப்புக்காற்று கனெக்டரை அரித்துவிடும் அக்கா. தூசியும் தண்ணீரும் புகாத ஐபி67 அவுட்டோர் மாடலே வேண்டும். கேபிள் சுத்தத் தாமிரமா என்று கேட்டு வாங்குங்கள். ஆக்சஸ் பாயின்ட்டுக்கு கரன்ட்டும் அதே நெட்வொர்க் கேபிள் வழியே போகும்போது, தாமிரம் பூசிய அலுமினியம் சூடாகும். ஐப்பசி இடிக்கு எர்த்தோடு, திடீர் மின் பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டரும் அவசியம்.

குலசேகரம்: ரப்பர் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் ஷீட் அடிக்கிற ஷெட், 150 மீட்டர். வயர் இல்லாமல் நெட் அனுப்பும் டிஷ் வைத்தால் போதுமா?

தம்பி, மரம் இலை உதிர்த்து நிற்கும் தை மாதத்தில் சோதித்தால் அருமையாக ஓடும். தளிர் விட்டு இலை மூடி, மழையில் நனைந்தால் லிங்க் விழும். சாதாரண நெட்வொர்க் கேபிளும் 100 மீட்டருக்கு மேல் சரிப்படாது. ஃபைபர் (ஒளியில் டேட்டா கடத்தும் கண்ணாடி இழை கேபிள்) இழுத்து இரண்டு முனையிலும், அதைச் சாதாரண நெட்வொர்க் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள். உள்ளே உலோகக் கம்பி இல்லாத ஃபைபராகக் கேளுங்கள், மின்னல் அது வழியே வராது.