கொண்டை சாய்ந்த தென்னைகள்: மீதியைக் காப்பாற்ற முடியுமா?

வணக்கம் நண்பரே. பதினைந்து வருட மரங்கள் இரண்டு கொண்டை சாய்ந்துவிட்டன, மற்ற மரங்களிலும் பழுப்புச் சாறு வடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது. நீங்கள் நினைப்பதுபோல் இது வாடல் நோய் இல்லை. சாறும் துளையில் நார்ச்சக்கையும் இருந்தால் அது சிவப்புக் கூன்வண்டுதான்.

சாய்ந்த இரண்டையும் இனிக் காப்பாற்ற முடியாது. ஆனால் அப்படியே நிற்க விடாதீர்கள். உள்ளே புழுக்களும் கூட்டுப்புழுக்களும் இருக்கும். வெட்டிப் பிளந்து எரித்தே ஆகவேண்டும். விறகுக்கென்று அடுக்கி வைத்தால் அதிலிருந்தே வண்டு கிளம்பும்.

மற்ற மரங்களில் காதை வைத்துக் கேளுங்கள், புழு கடிக்கும் சத்தம் வரும். நடுக்குருத்து இன்னும் பச்சையாக இருந்தால் நம்பிக்கை உண்டு. காய்களை முதலில் பறித்துவிடுங்கள். கீழ்த் துளைகளைக் களிமண்ணால் அடைத்து, இமிடாகுளோபிரிட் 17.8 SL பூச்சிக்கொல்லியை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி கலந்து, மேல் துளையில் புனல் வைத்து ஊற்றி அதையும் மூடுங்கள். மறுபடி எப்போது காய் பறிக்கலாம் என்று வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், பச்சை மட்டையை வெட்டவே வேண்டாம். காயத்தின் வாசனைக்குத்தான் வண்டு வந்து முட்டையிடும். வெட்டியே ஆகவேண்டுமென்றால் தண்டிலிருந்து 4 அடி விட்டு வெட்டுங்கள். காண்டாமிருக வண்டு குடைந்த ஓட்டை வழியாகவும் கூன்வண்டு நுழையும். அதனால் குருத்தைச் சுற்றியுள்ள மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து போடுங்கள். வாசனையால் வண்டை ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் தென்னையில் கட்டாதீர்கள், வரும் வண்டு அந்த மரத்திலேயே ஏறிவிடும்.

சாறு வடியும் இடத்தையும் குருத்தையும் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.